தட்டு இரண்டு, குழி நாலு

ஜூன் 16, ஞாயிறு

என் பேர் கார்குழலி. மழைமேகம் மாதிரி கருத்த கூந்தல் உள்ளவள் என்று அர்த்தமாம், தமிழ் மிஸ் சொன்னார். அப்பா அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார். பேரில் ஒரு கார் இருந்தால் போதும் என்று வைத்துவிட்டார். என் கூந்தல் எலிவால்தான். கார் மட்டும் நிஜமாகவே இருக்கிறது. கோயமுத்தூர் வடவள்ளியில், எங்கள் வீட்டு போர்ட்டிகோவில், இரண்டு வருஷமாக ஓடாமல்.

இரண்டே சீட். மடக்கி வைக்கிற துணிக்கூரை. இங்கிலாந்தில் பிறந்தது, அம்மாவைவிட நாலு வயசு மூத்தது. அம்மா அதை "உங்க சித்தி" என்பாள். "உங்க சித்திக்கு இன்னிக்கு என்ன சீக்காம், கேளு" என்று என்னிடம் சொல்வாள், அப்பா காதில் விழுகிற அளவு சத்தமாக.

அம்மா பல் டாக்டர். அப்பா பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். பல் அம்மாவுடையது, சக்கரம் அப்பாவுடையது. கல்யாணத்தில் சேர்ந்து பல்சக்கரம் ஆனார்கள். பதினைந்து வருஷம் சுற்றிவிட்டு, இரண்டு வருஷம் முன்னால் பல்லோடு பல் மாட்டாமல் நின்றுவிட்டது. அப்பா ஊரின் இன்னொரு பக்கம், கணபதியில் ஒரு நண்பரின் லேத் பட்டறை மாடிக்குப் போய்விட்டார். போன அன்றைக்கு சித்தியின் இன்ஜின் பிரித்துக் கிடந்தது. பிரித்துக் கிடக்கிற காரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் ஞாயிறு தோறும் ஒன்பது மணிக்கு வருவார், ஐந்து மணிக்குப் போவார்.

அப்பா வேலை செய்கிற விதம் இது: கழற்றும் ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் இட்லித் தட்டில் வைப்பார். எந்தத் தட்டு, எந்தக் குழி என்று மனப்பாடம். எழுதி வைக்க மாட்டார். "எழுதுனா கை சோம்பேறி ஆயிரும் அம்மிணி" என்பார். எங்கள் வீட்டு இட்லித் தட்டெல்லாம் போர்ட்டிகோவில் கிரீஸ் பூசிக்கொண்டிருப்பதால் இரண்டு வருஷமாக நாங்கள் தோசைதான்.

இன்று அவர் ஒரு செய்தி சொன்னார். ஓசூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கிற கம்பெனியில் வேலை. சரிசெய்த கார்களை ஓட்டிப் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போட வேண்டும். "ஆயுத பூஜைக்குள்ள வண்டிய ரெடி பண்ணீட்டு, ஓட்டீட்டே போயிர்றேன் அம்மிணி."

"சூப்பருங்ப்பா" என்றேன்.

அவர் கை கழுவப் போனபோது தட்டு இரண்டு, குழி நாலிலிருந்து ஒரு பித்தளை வாஷர் காணாமல் போயிற்று. எலியாக இருக்கும். எங்கள் வீட்டில் எலி கிடையாது. பிளஸ் ஒன் படிக்கிற ஒரு ஜந்து உண்டு. போர் அடித்தது, அவ்வளவுதான்.

ஜூன் 23, ஞாயிறு

அந்த வாஷர் கடையில் கிடைக்காது. அப்பா லேத்தில் கடைந்து எடுத்து வந்தார். ஒரு வாரம் போச்சு. ஆக, ஒரு வாஷருக்கு ஒரு ஞாயிறு. கணக்குப் பாடத்தில் எனக்குப் புரிந்த ஒரே சமன்பாடு.

வாஷர் அம்மாவின் கிளினிக் அலமாரியில், "பல்" என்று எழுதிய பழைய டப்பாவில் இருக்கிறது. மூன்று பல் செட்டுகள் அதற்குக் காவல்.

ஜூன் 30, ஞாயிறு

எங்கள் வீட்டில் சைலன்சர் பொருத்திய ஆட்கள் இரண்டு பேர். இருவருக்கும் நடுவில் நான்தான் போஸ்ட்மேன்.

அம்மா ஜன்னலுக்கு உள்ளே: "உங்கப்பா சாப்புட்டுட்டு போவாராமா, கேளு."

அப்பா ஜன்னலுக்கு வெளியே, மூன்றடி தூரத்தில்: "ஆமான்னு சொல்லு அம்மிணி."

நான் உள்ளே போய்: "உங்க கை ரசம் நெனப்பாவே இருக்குதாம்மா. கண்ணுல தண்ணியே வந்துருச்சு அவருக்கு."

"அது பெட்ரோல் ஆவி" என்றாள் அம்மா. ஆனால் ரசம் வைத்தாள்.

கார்பரேட்டரின் ஜெட் துளையைச் சுத்தம் பண்ண மெல்லிய ஊசி வேண்டும் என்றார் அப்பா. அம்மா பல் குத்துகிற கொக்கியைக் கொடுத்தனுப்பினாள். "கழுவித் திருப்பித் தரச் சொல்லு. போன தடவை கொடுத்ததுல, வாய்ல பெட்ரோல் வாசம் அடிச்சுதுன்னு ஒரு பேஷண்ட் சொன்னாங்க."

ஆக்சிலரேட்டர் ஸ்பிரிங் ஒன்று பல் டப்பாவுக்குக் குடிபோயிற்று.

ஜூலை 3

இயற்பியல் சார் முதுகில் "ஹாரன் அடிக்கவும்" ஸ்டிக்கர். இரண்டு பீரியட் முழுக்க வராந்தாவில் எல்லாரும் "பாம் பாம்" என்றார்கள். அவர் வணக்கம் என்று நினைத்துத் தலையாட்டினார்.

மாட்டிக்கொண்டேன். முட்டிபோடவில்லை, இம்போசிஷன் மட்டும். உட்கார்ந்தே நூறு தடவை எழுத என்னால் முடியாது, நடந்துகொண்டே எழுதினேன். கையெழுத்தும் நடந்திருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

பிளக் வயர் நாலு. ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்ற வரிசையில் தீப்பொறி போக வேண்டும். அப்பா டீ குடிக்கிற நேரத்தில் மூன்றாம் நம்பரையும் நாலாம் நம்பரையும் நான் இடம் மாற்றிவிட்டேன். சாவி திருகியதும் "டமார்!" எதிர்வீட்டு நாய் கேட்டைத் தாண்டி ஓடியே போய்விட்டது.

அப்பா வயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத நான் மாத்தியா சொருகுனேன்?"

"ஆமாங்ப்பா. நான் பார்த்தனே."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்ப்பா. மூணுல நாலு."

"வயசாவுது பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

அப்பா மஞ்சள் பெயின்ட் டப்பா கொண்டு வந்திருக்கிறார். முறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுக்கிறார். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மூளைக்காரர். ஆனால் பெயின்ட் டப்பாவை இங்கேயே வைத்துவிட்டுப் போனார். வாரத்தில் ஆறு நாள் எனக்கு இருக்கிறது. ஒரு போல்ட்டைத் தளர்த்திவிட்டுப் புதுக் கோடு போட்டேன். ஓடும்போது கழன்று விழுகிற இடமெல்லாம் இல்லை, ஏர் ஃபில்டர் மூடிதான். நான் குறும்புக்காரி, கொலைகாரி இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

மூடி ஆடியது. அப்பா மஞ்சள் கோட்டை விரலால் தடவினார். கோடு உடையவில்லை. போல்ட் லூஸ்.

"கோடு போட்டுட்டு முறுக்காம உட்டுட்டனா?"

இந்தத் தடவை அவர் என்னைக் கேட்கவில்லை. தன்னைத்தான் கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப்பெருக்கு. அம்மா சமைத்த தேங்காய்ச் சாதம் மிச்சம் இருந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "போன ஞாயித்துக்கெழமை நாம என்ன அம்மிணி சாப்புட்டோம்?"

"தக்காளிச் சாதமுங்ப்பா."

"அதுக்கு முந்தின வாரம்?"

"யாருக்கு ஞாபகம்? எனக்கே தெரியாதுங்ப்பா."

"உனக்குமே தெரியாதா?" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. என்ன பரீட்சை இது, பாடத்திட்டத்திலேயே இல்லாதது.

பிளக் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடு இன்று பல் டப்பாவில்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுதினால் கை சோம்பேறி ஆகும் என்றவர், இட்லித் தட்டின் குழிகளுக்கெல்லாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். செல்போனில் ஒவ்வொரு தட்டையும் படம் பிடிக்கிறார். கல்யாண வீட்டில்கூட அம்மாவை அவர் இவ்வளவு படம் எடுத்ததில்லை என்று சொன்னேன். சிரிக்கவில்லை. பழைய அப்பா என்றால், "இட்லி அழகா உக்காருது, உங்கம்மா உக்கார மாட்டாளே" என்று திருப்பி அடித்திருப்பார்.

ஏழையும் ஒன்பதையும் இடம் மாற்றி ஒட்டினேன். அவர் படம் பிடிப்பதற்கு முன்னாலேயே.

ஆகஸ்ட் 14

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. அம்மா, "வயித்துல பூச்சி இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர் என்று ஒன்று உண்டு. கட்டைவிரல் அளவுதான். அது இல்லாவிட்டால் கார் ஒரு பெட்டி. அதை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அப்பா தட்டு மூன்று, குழி ஒன்றைப் பார்த்தார். இல்லை. தட்டையே கவிழ்த்துப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். திரும்ப வந்து அதே குழியைப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். பிறகு சித்தியின் பின்சக்கரத்துப் பக்கம் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார், வாய்ப்பாடு சொல்கிற மாதிரி: "மூடியத் தெறந்தேன். ரோட்டர எடுத்தேன். தொடச்சேன். மூணுல ஒண்ணுல வெச்சேன். மூடியத் தெறந்தேன். ரோட்டர எடுத்தேன்..." நெற்றியில் தன் கையாலேயே ஒன்று போட்டுக்கொண்டார். மெதுவாக இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. அவர் கை கழுவப் போனதும் ரோட்டரை அதே குழியில் வைத்துவிட்டேன். சந்தோஷப்படுவார் என்று.

திரும்பி வந்தார். குழியைப் பார்த்தார். ரோட்டரைத் தொடவே இல்லை.

"இங்கதான் இருந்துதா?"

"இங்கயேதானுங்ப்பா இருந்துது" என்றேன். வேறென்ன சொல்வது?

"நான் கெளம்பறேன் கண்ணு" என்றார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 26

அப்பாவின் அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயசு. சட்டைப் பொத்தானை மேலும் கீழும் எண்ணிக்கொண்டிருந்தார். சோறு ஊட்டிய அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. பாடம் படிக்கணும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒன்பது. ஒன்பதரை. பத்து. அப்பா வரவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. போன் பண்ணினேன். "ஒருத்தரப் பார்க்க வந்தேன் அம்மிணி. அடுத்த வாரம் வர்றேன்." பின்னால் யாரோ, "டோக்கன் பன்னெண்டு" என்று கூப்பிட்டார்கள். பேங்காக இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன பேங்க்?

அம்மா, "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றாள். ஆனால் ரசம் வைத்திருந்தாள். நானும் அவளுமே குடித்தோம், ஆளுக்கு மூன்று டம்ளர்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஓடிவிட்டது! சித்தி வாய் திறந்துவிட்டாள்! அது சத்தமா? முதலில் இருமல், பிறகு செருமல், பிறகு தொண்டை சரியாகி ஒரே சீராக உறுமல். ஜன்னல் கம்பியெல்லாம் கிடுகிடு. எதிர்வீட்டு நாய் முன்னெச்சரிக்கையாக ஓடிவிட்டது. அம்மா ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதை நான் பார்த்தேன். கையில் கரண்டி, முகத்தில் சிரிப்பு. நான் பார்த்ததைப் பார்த்ததும் கரண்டி மட்டும் மிச்சம்.

"ஒரு ரவுண்டு போலாமுங்ப்பா!"

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கியர் போடவில்லை. இன்ஜினை அணைத்து, இறங்கி, சாவியை என் கையில் கொடுத்தார். "நீயே வெச்சிரு. எங்கிட்ட வேண்டாம்."

இரண்டு வருஷம் இதற்காகத்தான் கை கறுத்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரேடியேட்டர் மூடியை ஒளித்துவைத்தேன். அவர் தேடவே இல்லை. செல்போனில் படத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பாக்கெட்டில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார், கணபதிக்குப் போய்விட்டார். தேடாத ஆளிடம் ஒளித்துவைப்பதில் என்ன சுவாரசியம்? டப்பாவை இனித் திறக்கப் போவதில்லை. சலித்துவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

நான் ஜெயித்துவிட்டேன்.

அப்பா இன்று ஸ்பேனரையே தொடவில்லை. நேராக ஜன்னலுக்குப் பக்கம் போய், என்னை நடுவில் வைக்காமல், அம்மாவிடமே பேசினார். "சுகந்தி, நான் ஓசூர் போகல. வேண்டாமுன்னு சொல்லீட்டேன்."

அம்மா: "ஏனாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், பழக்க தோஷம்.

"மனசில்ல. வண்டியையும் குடுத்தர்லாமுன்னு இருக்கேன். திங்கக்கெழம பதினாலாந்தேதி ஒருத்தர் பாக்க வர்றாரு." அப்புறம், "இனி நான் ஓட்டறதா இல்ல" என்றார். கேட்டைத் திறந்து, டவுன் பஸ்ஸில் போனார். இத்தனை நாள் பைக்கில்தானே வருவார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஓசூர் கிடையாது! அப்பா கோயமுத்தூரிலேயே! கணபதி எங்கே போகப் போகிறது, டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆறு தோசை சாப்பிட்டேன். அம்மா ஏழாவதை ஊற்றிக்கொண்டே, "என்னடி இப்படி நிக்காம குதிக்கறே, உக்காரு" என்றாள்.

உட்காரத்தான் முடியவில்லை.

அக்டோபர் 8

ஜெயித்தவர்களுக்குப் பசிக்காதா? பசிக்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

சரஸ்வதி படத்துக்கு முன்னால் இடது பக்கம் புத்தகங்கள், வலது பக்கம் ஆயுதங்கள். ஆயுதம் என்றால் அம்மாவின் பல் பிடுங்கும் குறடுகள், அப்பாவின் ஸ்பேனர்கள். அப்பாவின் டூல்ஸ் எல்லாம் இங்கேதான் இருப்பதால் அவரும் வந்திருந்தார். காருக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார், விற்கப் போகிற காருக்கு.

ஸ்பேனர்களைத் துடைத்துச் சந்தனம் வைப்பது என் வேலை. டூல்பாக்ஸின் அடித்தட்டைத் தூக்கினேன். அந்தச் சின்ன நோட்டு இருந்தது.

அம்மா, "அதையும் புஸ்தகத்தோட வெச்சிரு. எழுதுனதெல்லாம் சரஸ்வதிதான். வெச்சதுக்கப்பறம் நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக்கூடாது" என்றாள்.

வைப்பதற்கு முன்னால் திறந்தேன். வைத்த பிறகுதானே தொடக்கூடாது.

முதல் பக்கத்தில் அப்பாவின் கோணல் கையெழுத்து: "மறந்தவற்றைத் தேதி போட்டு எழுதி வரச் சொன்னார் டாக்டர். ஜூன் மாதத்திலிருந்து நினைவுக்கு வருபவை."

ஜூன் 16. தட்டு 2, குழி 4. வாஷர். வைத்ததாக ஞாபகம்.

ஜூன் 30. ஸ்பிரிங்.

ஜூலை 7. பிளக் வயர் மாற்றிச் செருகியிருக்கிறேன். குழலி பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 25. ரோட்டர். மூன்று தடவை பார்த்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கேயே இருந்திருக்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மொத்தம் பத்து வரி. கடைசிக்கு முந்தின பக்கத்தில், "14ஆம் தேதி மாலை ஸ்கேன். வண்டியை அன்று காலையே காட்டிவிட வேண்டும்." கடைசிப் பக்கத்தில் வேறு ஒன்று. பெரிய எழுத்தில், அழுத்தி, இரண்டு மூன்று தடவை மேலேயே எழுதி:

கார்குழலி. என் மகள். பிளஸ் ஒன். பிப்ரவரி 9. பால் பிடிக்காது. சுகந்தி நம்பர். வீடு வடவள்ளி, வேப்பமரத்துக்கு எதிர்ச் சந்து.

நோட்டைப் புத்தகங்களுக்கு மேல் வைத்தேன். அம்மா பூ போட்டாள். சூடம் காட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். சுண்டல் கொடுத்தாள், கையிலேயே இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா எங்கேயும் போக மாட்டார். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. வாயை மூடுவது. ஆனால் கணபதியில் ஒரு மாடியில் உட்கார்ந்து, என் பேரை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருப்பார்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

காலையில் மறுபடி பூஜை. அதன்பிறகு ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து நாலு வரி சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் இது. அதற்காக அப்பா போன இரண்டு வருஷமும் வந்தார், இன்றும் வந்தார். அம்மா ஒரு பல் புத்தகத்தில் நாலு வரி வாசித்தாள், யாருக்கும் புரியவில்லை. "அடுத்து நீ. பிசிக்ஸ எடு" என்றாள்.

நான் நோட்டை எடுத்தேன்.

"அம்மிணி, அது வேண்டாம். அத வெய்யி" என்றார் அப்பா.

"ஜூன் பதினாறு. தட்டு ரெண்டு, குழி நாலு. வாஷர். வெச்சதா ஞாபகம்." என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "அத எடுத்தது நானுங்ப்பா."

"குழலி, கொண்டா இங்க!"

"ஜூன் முப்பது. ஸ்பிரிங். நானு. ஜூலை ஏழு. பிளக் வயர். நாந்தான் மாத்துனேன், நீங்க சரியாத்தான் சொருகுனீங்க. ஜூலை இருபத்தெட்டு. போல்ட்டு. நீங்க முறுக்குனீங்க, நான் லூசு பண்ணி மஞ்சக்கோடு போட்டேன். ஆகஸ்ட் நாலு. தகடு. நானு. பதினொண்ணு. நம்பர் ஸ்டிக்கர். நானு."

கிளினிக்குக்கு ஓடி, பல் டப்பாவைக் கொண்டுவந்து சரஸ்வதிக்கு முன்னாலேயே கொட்டினேன். பல் செட்டுகளோடு வாஷரும் ஸ்பிரிங்கும் தகடும் ரேடியேட்டர் மூடியும் உருண்டன. அம்மா காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். நாலு மாதமாக அவளுடைய அலமாரியில்.

அப்பா குனிந்து வாஷரை எடுத்து, சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரோட்டரு?" என்றார்.

"நானு. பாக்கெட்ல வெச்சிருந்தேன்."

"மூணு தடவ அந்தக் குழியப் பார்த்தேன்."

"நீங்க கை கழுவப் போனப்பத்தான் திருப்பி வெச்சேன்."

"நான் பார்த்தப்ப?"

"இல்லீங்ப்பா. அங்க இல்ல."

"இன்னொருக்கா சொல்லு."

"நீங்க பார்த்தப்ப அது அங்க இல்லீங்ப்பா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நிமிர்ந்தபோது, எனக்குத் தெரிந்த முகமே இல்லை அது. "நாலு மாசம். நாலு மாசமா நான் தூங்கல, தெரியுமா உனக்கு? ரோட்டுல பைக் எடுக்கப் பயந்துட்டு பஸ்ஸுல வர்றேன். எங்கப்பன மாதிரி ஆயிருவேன்னு... எதுக்குடி பண்ணுனே?" அப்பா என்னை டி போட்டது இதுதான் முதல் தடவை.

"போர் அடிச்சுதுங்ப்பா" என்றேன்.

"பொய்" என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, நேராக அவரிடம். "வண்டி ஓடுனா நீங்க வர மாட்டீங்க. அதுக்குத்தான். இதுகூடத் தெரியலீங்களா உங்களுக்கு?"

மரத்துப்போகிற ஊசி போடாமலே பிடுங்கிவிட்டாள். நான் சரஸ்வதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் படம் சரியாகத் தெரியவில்லை.

மிச்சம் மூன்று வரி இருந்தது. அதையும் வாசித்தேன், நடுவில் நிறுத்தக் கூடாது என்று. "செப்டம்பர் ஒண்ணு. குளிக்கப் போய் துண்டு எடுக்க மறந்தேன். செப்டம்பர் பத்தொம்பது. பைக் சாவிய பைக்கிலயே விட்டுட்டேன். இருபத்திரெண்டு. ரேடியேட்டர் மூடி." அடுத்த பக்கத்து ஸ்கேன் தேதியையும் வாசித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூடி நானு. மத்த ரெண்டும் நான் இல்லீங்ப்பா" என்றேன்.

"துண்டு மறக்கறதுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கறதுன்னா, கல்யாணம் ஆன மறுநாளே எடுத்திருக்கோணும்" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

வரவில்லை. போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 14

கார் பார்க்க வருவதாக இருந்தவரை வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம். மாலையில் அம்மா கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தன் ஸ்கூட்டரில் கணபதி போய், அவரைப் பின்னால் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். "எதுக்கும் பார்த்தரலாம்" என்று. ஒன்றும் இல்லை, வயசுக்கு நல்ல ஞாபகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஓசூருக்கும் போன் போட்டாராம், இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். இதெல்லாம் அம்மா சொன்னது. அப்பா என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 19, சனி

ஒன்பது மணிக்கு வந்தார். சனிக்கிழமையில். என் முன்னால் ஸ்பேனரை நீட்டினார்.

தண்டனை இதுதான்: லேத்தில் கடைந்து போட்ட டூப்ளிகேட்டையெல்லாம் கழற்றி, நான் திருடிய ஒரிஜினலையெல்லாம் என் கையாலேயே மாட்ட வேண்டும். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "இடப்பக்கம்." "அவ்வளவு முறுக்காதே, மரை போயிரும்." "தொடச்சிட்டுப் போடு." நாள் பூராவும் மொத்தம் இருபது வார்த்தை இருக்கும். விரல் நுனியெல்லாம் உரிந்துவிட்டது. முழு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

கடைசி போல்ட்டில் மஞ்சள் கோட்டை அவரே போட்டார். ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் முறுக்கியிருக்கே" என்றார். இருபத்திரண்டு வார்த்தை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஏழு மணிக்கே வந்துவிட்டார். பெட்டி பின்னால், டூல்பாக்ஸ் பக்கத்து சீட்டில். அம்மா இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஜன்னலை விட்டு போர்ட்டிகோவுக்கு வந்து நின்றாள். கையில் கட்டுச்சோறு. "பெருந்துறை தாண்டி நிறுத்திச் சாப்புடுங்க. ஓட்டீட்டே சாப்புட வேண்டாம்."

"சரி."

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வருவாராமா, கேளு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு.

"ரெண்டுன்னு சொல்லு" என்றார் அப்பா.

நான் எதையும் சேர்க்காமல் அப்படியே சொன்னேன். போஸ்ட்மேன் திருந்திவிட்டான்.

அப்பா உட்கார்ந்து, நான் கொடுத்த சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. சுற்றியது, பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு இருமல்கூட இல்லை.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். எதிர்வீட்டு நாய்கூடப் பார்த்த மாதிரி இருந்தது.

"சத்தியமா நான் இல்லீங்ப்பா!" இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். "பாக்கெட்ட வேணாலும் பாருங்க! நான் இல்லவே இல்லை!"

அப்பா இறங்கி, முழங்கால் போட்டு, வண்டிக்கு அடியில் கையை விட்டார். அப்படியே இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், சிரிக்கிறார்.

"பெட்ரோல் காக்கு. நேத்து சாயங்காலம் நாந்தான் மூடுனேன்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "தெறக்க மறந்துட்டேன்!"

மறந்துட்டேன் என்று ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் பொத்தவில்லை. "மறந்துட்டேன் அம்மிணி!" என்று அவர் இன்னொரு தடவை சொன்னார், எனக்குக் காது கேட்காத மாதிரி.

சாவி திருகியதும் சித்தி உறுமினாள். கியர் விழுந்தது. சந்து முனையில், வேப்பமரத்தடியில், அப்பா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். பதிலுக்குக் கையாட்ட நான் தனியாகக் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. என் இரண்டு கையும் இன்னும் மேலேயேதான் இருந்தன.